எந்த ரெக்கார்டை வாங்குவது, எந்த அட்டையைச் சுவரில் வைப்பது?

ரெக்கார்டு சேர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் விலையைத்தான் விசாரிப்பார். அதற்கும் முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வாங்கியதை வரவேற்பறையில் வைக்கப் போகிறீர்கள். வீட்டுக்கு வருகிறவர் அதைப் பார்த்து உங்களைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? செல்போனில் பாட்டுக் கேட்கிறவருக்கு இந்தக் கேள்வியே வராது, அவர் கேட்பது அவர் காதோடு போய்விடும். ரெக்கார்டின் 12 அங்குல அட்டை அப்படியல்ல. சுவரில் ஏறிய நாளிலிருந்து அது வீட்டுக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவருக்கு நான்கு வழிகள் இருப்பதாக நினைக்கிறேன். மைக்செட்காரர்களிடமும் பழைய வீடுகளிலும் கிடைக்கும் பழைய தமிழ்த் தட்டுகள் ஒன்று. இன்று புதிதாக அச்சாகி வரும் எல்.பி.கள், அதாவது 12 அங்குலப் பெரிய தட்டுகள், இன்னொன்று. மூன்றாவது கேசட். நான்காவது, பாட்டே வேண்டாம், அட்டையை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவது. என் சாய்வை மறைக்கப் போவதில்லை. நம் பக்கத்து ஆளுக்குப் பழைய தட்டும் கேசட்டும் சேர்ந்த சேகரிப்புதான் பொருந்தும் என்று நம்புகிறேன். புதிய எல்.பி. ஒன்றிரண்டு கூட இருக்கலாம். நான்காவது வழியை ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் ஏற்பேன்.

அட்டைக்குப் படம் வந்ததே பிற்பாடுதான். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய அரக்குத் தட்டுகள் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலப் பாடும், கீழே விழுந்தால் உடையும். அவை வந்தது வெறும் காகித உறையில். நடுவில் லேபிள் தெரிய ஒரு வட்டத் துளை இருக்கும், சில உறைகளில் விற்ற கடையின் பெயரும் அச்சாகியிருக்கும். 1940 வாக்கில் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற ஓவியர்தான் உறையில் படம் வரையலாம் என்று செய்து காட்டினார். 1948இல் எல்.பி.யும் அடுத்த வருடம் 7 அங்குல 45 சுற்றுத் தட்டும் வந்த பிறகு அட்டை தனக்கென்று ஒரு முகம் எடுத்துக்கொண்டது.

இதனால் நமக்கு ஒரு நஷ்டம். கொடுமுடியில் பிறந்து, தமிழ் பேசும் இடமெல்லாம் கேட்கப்பட்ட குரல் கே. பி. சுந்தராம்பாளுடையது. கொங்கு மண்ணின் குரல் இது என்று வீட்டில் ஒன்றை வைக்க வேண்டுமானால் முதலில் வைக்க வேண்டியது அவர் பாட்டைத்தான். ஆனால் நாடக மேடையில் அவர் புகழோடு இருந்த காலத்துத் தட்டுகள் எல்லாம் 78. சுவரில் நிறுத்திக் காட்ட அதில் எதுவும் இல்லை. லேபிளில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். அட்டையை வைத்து மட்டும் தேடப் போகிறவர் கண்ணில் அந்தத் தட்டு படவே படாது. அட்டையை முதலில் பார்த்து வாங்குவதை நான் ஏன் ஒப்புக்கொள்வதில்லை என்பதற்கு இது ஒன்றே போதும். வாங்கினால் 78க்கென்று தனி ஊசி வேண்டும். அந்தத் தட்டின் வரிப்பள்ளம் எல்.பி.யைவிட அகலமானது, சாதாரண ஊசி அடியில் உரசிக்கொண்டு இரைச்சலைத்தான் எடுக்கும்.

சரி, பழைய தமிழ்த் தட்டுகளுக்கு வருவோம். கொங்கு நாட்டில் இவை அதிகம் வாழ்ந்த இடம் பணக்காரர் வீட்டு ரேடியோகிராம் இல்லை, மைக்செட்காரரின் மரப்பெட்டி. எங்கள் பெரியப்பா காங்கயம் பக்கம் மைக்செட் வைத்திருந்தார். கல்யாண வீட்டில் பந்தல் போட்டு முடிப்பதற்குள் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார். முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது எது, பந்தி நேரத்தில் எது, பொண்ணு மாப்பிள்ளை மணவறைக்கு வரும்போது எது என்று அவரிடம் ஒரு வரிசை இருந்தது. மங்கல வாழ்த்துப் பாடத் தொடங்கினால் ரெக்கார்டை நிறுத்திவிடுவார்; அந்த நேரம் வேறு குரல் கேட்கக் கூடாது. மாரியம்மன் கோயில் நோம்பிக்கு இரவெல்லாம் கதை வசனத் தட்டு ஓடும், ஊரே மனப்பாடமாகக் கூடவே சொல்லும்.

அந்தப் பெட்டிகளிலிருந்து வெளியே வரும் தட்டுகளின் அட்டையில் நடிகர் முகத்துக்கு மேலேயே ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கும். சவுண்டு சர்வீஸ் பெயர், ஊர், தபால், மாவட்டம். மூலையில் பேனாவால் எழுதிய வரிசை எண் இருக்கும், முதுகில் ஒட்டுத்துணி இருக்கும். தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பாட்டின் இடம் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். அந்த ஊர் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு அதுதான். இந்தத் தகவல் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. பாதிப் பேர் இதைக் குறை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதுதான் காரணம். உங்கள் பாட்டியின் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பெயர் குத்திய ஒரு ஈ.பி., அதாவது 7 அங்குலச் சின்னத் தட்டு, உங்களைப் பற்றிச் சொல்வதை, பிரித்துப் பார்க்காத புத்தம்புது அட்டை சொல்லாது.

அட்டைக் கலையாகப் பார்த்தாலும் இவை தாழ்ந்தவை இல்லை. 7 அங்குல ஈ.பி.யில் இடம் குறைவு என்பதால் ஒரே ஒரு ஸ்டில்லை எடுத்து, முகத்தைச் சுற்றி வெட்டி, ஒற்றை நிறப் பின்னணியில் வைத்திருப்பார்கள். மஞ்சளும் சிவப்பும் அச்சில் நூலளவு விலகி நிற்கும். படத்தின் பெயரைக் கையால் எழுதிய ஓவியரின் பெயர் பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. ஆனால் அந்த எழுத்தின் வளைவைப் பார்த்தே எந்தக் காலத்துத் தட்டு என்று ஓரளவு சொல்லிவிடலாம். எழுபது, எண்பதுகளின் எல்.பி.களில் இன்னொரு விசேஷம் உண்டு. பல தட்டுகளில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறு படம். அட்டையும் அதே மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். நீங்கள் ஒரு படத்துக்காக வாங்கி, ஒட்டிப் பிறந்த இன்னொரு படத்தையும் வீட்டுக்குக் கூட்டி வருவீர்கள். நான் ரசிக்கும் சில பாட்டுகள் அப்படி வந்தவைதான். பின்னட்டையைப் படிக்காமல் விடாதீர்கள். எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் என்று முழு விவரம் அங்கேதான் இருக்கும், இன்றைய செயலிகள் பாதியை விட்டுவிடுகின்றன.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வரும். பிடித்த இசையமைப்பாளர், பிடித்த பாடகி என்று போவது வழக்கம், அதில் தவறில்லை. நம் பக்கத்துக்கென்றே இன்னொரு இழை இருக்கிறது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இருந்தன. சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. சினிமா என்றாலே சென்னை என்று ஆவதற்கு முன்னால் நம் ஊர்களில் பாட்டுப் பதிவாகி, நம் ஊர்களில் நடிகர்கள் வீடு எடுத்துத் தங்கினார்கள். இந்த ஸ்டுடியோக்களின் படப் பாட்டுகளை மட்டும் தேடிச் சேர்த்தால் சின்னச் சேகரிப்பாகத்தான் இருக்கும். ஐம்பதுகளுக்கு முந்தியவை 78இல்தான் கிடைக்கும், அறுபதுகளுக்கு வந்தால் ஈ.பி. அட்டையும் சேர்ந்து வரும். இப்படி ஒரு அலமாரியைப் பார்த்தால் அந்த வீட்டுக்காரர் கொங்கு நாட்டுக்காரர் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாங்கும் இடம் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. கோவையில் உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகள், மைக்செட் தொழிலை விட்டவர்கள், வீடு இடிக்கும்போது அட்டாலியை (பரணை) காலி செய்கிறவர்கள் எனப் பல வாசல்கள். "இது ஓடாதுங்க, அட்டைக்கு வேணும்னா எடுத்துக்குங்க" என்று சொல்கிற கடைக்காரரை நம்பலாம். எல்லாம் ஓடும் என்கிறவரிடம் தட்டை வெளியே எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அட்டைக்குள் வேறு படத்துத் தட்டு இருப்பது சகஜம். லேபிளையும் பின்னட்டையையும் ஒத்துப் பார்ப்பது கட்டாயம்.

புதிய எல்.பி.களின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2020இல் ரெக்கார்டு விற்பனையின் வருமானம் சி.டி.யைத் தாண்டியது, 1986க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அந்த அலையில்தான் நம் ஊர் இளைஞர்களும் வருகிறார்கள். தட்டு சுத்தமாக இருக்கும், அட்டை கெட்டியாக இருக்கும், ஊசி வைத்தவுடன் பாட்டுக் கேட்கும். விலைதான் பயமுறுத்தும். இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஒரு தட்டுக்குக் கொடுத்துவிட்டால் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் யோசிக்க முடியாது. பழைய தமிழ்ப் படங்களின் மறுபதிப்பும் வருகிறது. அது மூல நாடாவிலிருந்து எடுத்ததா, சி.டி.யிலிருந்து எடுத்ததா என்று எல்லா அட்டையிலும் எழுதியிருப்பதில்லை. எழுதாததை நான் வாங்குவதில்லை.

மேற்கத்திய இசையோடு வளர்ந்தவர் நம் பக்கமும் உண்டு. கோவைக் கல்லூரி விடுதிகளில் கிடார் கற்றுக்கொண்டவரின் சுவரில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு இருந்தால் அது அவருடைய உண்மையான சரித்திரம். அந்தக் குழு 1967இல் கொண்டுவந்த 'சார்ஜன்ட் பெப்பர்' எல்.பி.யின் அட்டையை இந்த விஷயத்தின் பாடம் என்றே சொல்லலாம். பீட்டர் பிளேக், ஜான் ஹோவர்த் என்ற ஓவியத் தம்பதி செய்தது. உங்களுக்குப் பிடித்த மனிதர்களின் பட்டியலைக் கொடுங்கள் என்று குழுவினரைக் கேட்டு, அந்த முகங்களையெல்லாம் கூட்டமாக நிறுத்திவிட்டார்கள். பரமஹம்ச யோகானந்தர் உட்பட நான்கு இந்திய யோகிகள் அதில் இருக்கிறார்கள். காந்தியும் முதலில் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும் என்று இ.எம்.ஐ. கம்பெனி பயந்ததால் அவரை எடுத்துவிட்டார்கள். யாரோடு நிற்க விரும்புகிறோம் என்பதை அட்டையிலேயே சொன்னவர்கள் அந்தக் குழுவினர். அதே அட்டையை நாம் வாங்கி மாட்டும்போது அவர்களுடைய பட்டியலை மாட்டுகிறோம், நம்முடையதை அல்ல. பாட்டு நமக்குள் ஊறியிருந்தால் அது பரவாயில்லை. அட்டை பிரபலம் என்பதற்காக மட்டும் வாங்கினால், ஆயிரம் ஓட்டல்களிலும் டீசர்ட்களிலும் இருப்பது நம் சுவரிலும் இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் சேராது. இந்த ரசனைக்காரர்களுக்கு ஒரு இடைவழி உண்டு. கல்கத்தா டம்டம்மில் கிராமபோன் கம்பெனி தொழிற்சாலையில் அச்சான மேற்கத்தியத் தட்டுகள் பழைய கடைகளில் கிடைக்கின்றன. பின்னட்டையின் அடியில் டம்டம் என்று இருக்கும். அந்த இசை நம் நாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதும் அந்தத் தட்டிலேயே பதிந்திருக்கிறது. வெளிநாட்டுப் புதுப் பதிப்பைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

கேசட்டைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் உற்சாகம். சேகரிப்பவர்கள் அதை மட்டமாகப் பார்க்கிறார்கள், அது எனக்கு வருத்தம். அட்டை உள்ளங்கை அளவுதான், சுவருக்கு எடுக்காது. ஆனால் சொந்த அடையாளம் என்று பேசினால் கேசட்டை மிஞ்ச ஒன்றுமில்லை. எண்பதுகளில் எல்லா ஊர்களிலும் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டுத்தாளில் பாட்டு வரிசை எழுதி, ஒரு 60 நிமிட வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். பக்கத்துக்கு 30 நிமிடம், அதற்குள் எந்தப் பாட்டு, எந்த வரிசை, கடைசியில் எது என்று முடிவு செய்தது நீங்கள். உள்ளே இருக்கும் அட்டையில் கடைக்காரர் பேனாவால் பட்டியலை எழுதிக் கொடுப்பார். உங்கள் அப்பாவோ அத்தையோ கல்யாணத்துக்கு முன்னால் பதிவு செய்த கேசட் ஒன்று வீட்டில் இருந்தால், அது கடையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத ஒன்று.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. தட்டுக் கம்பெனிகள் சினிமாவையும் கர்நாடக இசையையும் பக்திப் பாட்டையும்தான் பெரும்பாலும் எடுத்தன. உடுக்கடிப் பாட்டுக்கும் கும்மிக்கும் எல்.பி. தேடினால் வெறுங்கையோடு வர வேண்டியிருக்கும். நம் பக்கத்து அண்ணன்மார் சாமி கதையை 1965இல் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் டேப்பில் பதிவு செய்தவர் கனடாவைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக். பல இரவுகள் நீளும் கதை அது, தட்டின் இருபது நிமிடப் பக்கத்தில் அடங்காது. பிற்பாடு கேசட் மலிவானதும் உள்ளூர்க் கலைஞர்களே பகுதி பகுதியாகக் கதையைக் கேசட்டில் கொண்டுவந்தார்கள், கோயில் கடைகளில் விற்றார்கள். அந்தக் கதையின் அண்ணன் தம்பிகளான பொன்னரும் சங்கரும் குதிரையில் வரும் அந்த அட்டைப்படங்களைப் பெரிய ஓவியர்கள் வரையவில்லை. காலண்டர் வண்ணத்தில், அவசர அச்சில் வந்தவை. அண்ணன்மார் கோயில் இருக்கும் வீரப்பூர் போய் வந்த குடும்பத்துக்கு அந்தச் சின்ன அட்டை தரும் அர்த்தத்தை லண்டனில் அச்சான எந்த அட்டையும் தராது.

கேசட்டின் பலவீனம் நாடா. பூசணம் பிடிக்கும், உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்றுவிடும், பிளேயரின் பெல்ட் தளர்ந்துபோகும். அதனால் வாங்கியதும் ஒரு முறை கணினியில் பதிவு செய்துகொண்டு, அப்புறம் அலமாரியில் வையுங்கள். உள்ளூர்க் கதைப் பாட்டுகளுக்கு இது அவசரம், வேறு பிரதி எங்கேயும் இல்லாமல் போகலாம்.

அட்டை மட்டும் மாட்டுவதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். தட்டு உடைந்தோ வளைந்தோ இனி ஓடாது என்றால் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், அது அந்த அட்டைக்கு மரியாதை. ஓடுகிற தட்டை ஓரமாகப் போட்டுவிட்டு அட்டையை மட்டும் கண்ணாடிக்குள் அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. இணையத்திலிருந்து எடுத்த படத்தைப் பிரின்ட் போட்டு மாட்டுவது அலங்காரம், சேகரிப்பில் சேராது.

சட்டத்துக்குப் பதிலாக நான் சொல்வது, சுவரில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு மரப்பலகை, முன்னால் ஒரு சின்னத் தடுப்பு. அட்டையைத் தட்டோடு அப்படியே சாய்த்து வைக்கலாம், கேட்கத் தோன்றினால் எடுத்துப் போடலாம், மாற்றி மாற்றி வைக்கலாம். மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம், சிவப்பும் மஞ்சளும் மங்கிவிடும். இங்கே ஊருக்கு ஊர் கவனம் மாறும். கோவையிலும் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெயிலைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் அட்டையில் பழுப்புப் புள்ளி விழும். ஈரோடு, கரூர், சேலம் பக்கம் சித்திரை மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தட்டைப் படுக்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடும். எப்போதும் செங்குத்தாக நிறுத்துங்கள், வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திருப்பூர், பல்லடம், சோமனூர்க்காரர்களுக்குப் பஞ்சுத் தூசிதான் பகை. கண்ணுக்குத் தெரியாத நூல் இழை ஊசி முனையில் சுருண்டுகொள்ளும், பாட்டு மங்கும். ஒவ்வொரு பக்கம் போடும் முன்னும் தட்டைப் பிரஷ்ஷால் துடைப்பதும் ஊசியைப் பார்ப்பதும் அங்கே வழக்கமாக வேண்டும். கரையானுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான், சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள்.

பணம் கையில் குறைவாக இருந்தால் தட்டுகளைக் குறைத்துக்கொண்டு பிளேயருக்குச் செலவிடுங்கள். பெட்டி மாதிரி வரும் மலிவான பிளேயர்கள் ஊசியைப் பாரமாக அழுத்தும், ஏற்கனவே தேய்ந்த மைக்செட் தட்டை இன்னும் தேய்க்கும். ஊசியின் எடையை இரண்டு கிராம் அளவுக்குக் குறைத்து வைக்க வசதியுள்ள பிளேயர் போதும்.

முதல் கொள்முதலுக்குக் கடைக்குப் போக வேண்டாம், அம்மா வீட்டு அட்டாலியில் ஏறிப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றால் சொந்த ஊர்ப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர் யார் என்று பெரியவர்களிடம் விசாரித்துப் போங்கள். நகரத்துச் சேகரிப்பாளர்கள் அட்டையில் ஸ்டாம்பு இருந்தால் எடுக்க மாட்டார்கள், அழிக்கவும் பார்ப்பார்கள். நீங்கள் அழிக்காதீர்கள், அதைத்தான் தேடி எடுங்கள். ஸ்டாம்பு குத்தியிருக்கிறது, முனை கிழிந்திருக்கிறது என்று சொல்லிக் கேட்டால் விலையும் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.